இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, மூக்குக்கண்ணாடி ஃபிரேம் அடுக்கிய அலமாரியைத் துடைத்து முடித்து, கைப்பைக்குள் கையை விட்டபோதுதான் அந்தத் தாள் இல்லை என்பது கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது. பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சாவிக்கொத்து, தலைவலித் தைலம், மகளுடைய ஹால் டிக்கெட் நகல், ஊசி மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் விழுந்தன. நாலாக மடித்த ஆஸ்பத்திரித் தாள் மட்டும் விழவில்லை.

எங்கே வைத்தோம் என்று யோசித்தாள். சனிக்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே நாவல் படித்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்விட்டு வந்ததும் கையில் கொடுத்த தாளை அந்த நாவலுக்குள்ளேயே செருகி மூடினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அந்த நாவலை நேற்று மத்தியானம் தன் கையாலேயே, வாயெல்லாம் பல்லாக, நாத்தனாரிடம் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

கொடுத்ததுதான் கொடுத்தாள், வேறு ஆள் கிடைக்கவில்லையா! இவள் புருஷனுடைய அக்கா அந்த நாத்தனார். இவள் கூப்பிடுவது அண்ணி என்று. அடுத்த தெருவில் தனியாக இருப்பவள். தண்ணீர் வாரியத்தில் போனில் புகார் வாங்கும் வேலை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தும் பேச்சு மிச்சம் இருக்கும் பிறவி. அவள் காதில் ஒரு விஷயம் காலையில் விழுந்தால், சாயங்காலத்துக்குள் காய்கறிக்கடை, தையல்கடை, கப்பலில் மெஷின் பார்க்கும் தம்பி வரைக்கும் போய்விடும். கெட்ட மனசு கிடையாது. வாய்க்குக் கதவு வைக்க மறந்துவிட்டான் படைத்தவன், அவ்வளவுதான்.

தாளில் இருந்தது நாலே வரி. வலது மார்பில் கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. தள்ளிப்போட வேண்டாம் என்பதன் கீழே டாக்டர் கோடு போட்டிருந்தார்.

கண்ணாடிக்காரி போவதாக இல்லை. மகளுக்குப் பரீட்சை இருபத்தேழாம் தேதிதான் முடிகிறது. புருஷன் நடுக்கடலில். இவையெல்லாம் அவள் தனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். நிஜக் காரணம் பயம். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் இதே நோயில் பதினாலு மாதம் படுக்கையில் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தாயைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கடைசியில் கண்ணை மூடிவிட்டவள் அந்த நாத்தனார்தான். அவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? அம்மா செத்ததிலிருந்து எழுந்து வரவே அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

திருப்பிக் கேட்டு வாங்கிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சட்டம் போட்டதே இவள்தான்.

கண்ணாடிக்கடையில் கிட்டத்தில் படிக்கும் பார்வையைச் சோதிக்க ஒரு அட்டை இருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. அந்த அட்டையில் உயிரே இல்லை என்று இவளுக்குக் கோபம். அதனால் பல வருஷமாக வாடிக்கையாளர் கையில் நாவலைத்தான் கொடுப்பாள். நாலு வரி படித்து "தெரியுது" என்று திருப்பித் தருகிறவர்கள் வாடிக்கையாளர்கள். திருப்பித் தராமல் அடுத்த பக்கம் புரட்டுகிறவர்கள் சிநேகிதர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் பஸ் கண்டக்டரும் கணக்கு டீச்சரும். நாத்தனார் அழைக்காமலே வந்து சேர்ந்தவள். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே கூடுவார்கள்.

எழுத்தாளர்களை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொந்தக்காரர்களுக்கு வைப்பதுபோலப் பட்டப்பெயர்தான். கண்டக்டருக்கு உயிரானவர் "மூச்சுவிடாதவர்". ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும். "ஏறினா டெர்மினஸ்லதான் இறக்கிவிடுவார்" என்று கண்டக்டருக்கு அதில் பெருமை வேறு. டீச்சருடையவள் "கொலைகாரி". அத்தியாயத்துக்கு ஒரு பிணம் விழாவிட்டால் டீச்சருக்குத் தூக்கம் வராது. கண்ணாடிக்காரியின் ஆள் "ரயிலடிக்காரர்". எந்தக் கதையானாலும் கடைசியில் ஒரு பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். இந்தத் தடவை அவரவருக்கு ரொம்பப் பிடித்தவர் எழுதியதை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அதனால்தான் பதினோராவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த ரயிலடிக்காரர் நாவலை இவள் தூக்கிக் கொடுத்தாள்.

சட்டங்கள் மூன்று. கொடுத்த புத்தகத்தை அடுத்த கூட்டம் வரைக்கும் திருப்பிக் கேட்கக் கூடாது. உள்ளே இருக்கும் அடையாளச் சீட்டை உருவக் கூடாது, முன்கூட்டித் தேடியும் பார்க்கக் கூடாது. படித்துக்கொண்டே போகையில் அது தானாக எதிரே வர வேண்டும். முன்னவர் ஏன் இந்த இடத்தில் நின்றார் என்று யோசிப்பதில்தான் அவர்களுக்கு ருசி. பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, சட்டையின் விலை அட்டை, ஒருமுறை ஒரு முழு சாக்லேட் காகிதம் என்று பலதும் வந்திருக்கிறது. மூன்றாவது சட்டம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் குழுவில் எத்தனாவது பக்கம் என்று போட வேண்டும்.

நாத்தனாரோ நானூறு பக்கத்தை ரெண்டு நாளில் விழுங்குகிறவள். அன்றைக்குக் கண்ணாடிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டு, அவர் படிக்கட்டில் தடுமாறியதைப் பார்த்துத்தான் ஓடிப்போய்ப் பிடித்து மாற்றிக் கொடுத்தாள். ஆறு மணிக்குப் போனைத் திறந்தாள்.

டீச்சர்: 64. கண்டக்டர்: 102, மூன்று பிணம். நாத்தனார்: 11.

பதினொன்றா? கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பதினொன்றுதான். மறுநாள் 21. அதற்கு அடுத்த நாள் 31. "என்ன அண்ணி, பத்தியச் சாப்பாடு மாதிரி அளந்து படிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "இந்த ரயிலடிக்காரரை மென்னு திங்கணும், முழுங்கக் கூடாது" என்று பதில் வந்தது.

கடவுளே, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று கண்ணாடிக்காரி பெருமூச்சு விட்டாள். விட்ட கையோடு நாள்காட்டியைப் பார்த்தாள். இப்படியே போனால் இருபத்திரண்டாம் தேதி 211. அன்றைக்குத்தான் கூட்டம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அன்று இருக்கும் பக்கத்தை எழுந்து சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, தாளைப் பார்த்து, அந்த வாயைத் திறந்தால்? நினைத்தபோதே மார்பில் அந்த இடம் கனத்தது. வலி ஒன்றும் இல்லை, நினைப்புதான்.

நாலாம் தேதி போன் போட்டாள். "அண்ணி, அந்த நாவலை ஒரு நாள் கொடுங்களேன். ஒரு வரி பார்க்கணும்."

"சட்டம் போட்டது யாருடீ? நானா, நீயா?"

"நான்தான். இருந்தாலும்…"

"இருந்தாலும் கிருந்தாலும் எல்லாம் கிடையாது. எந்த வரின்னு சொல்லு, நானே படிச்சுக் காட்டுறேன்."

கண்ணாடிக்காரி பேச்சை மாற்றி, தண்ணீர் வாரியத்தில் இன்றைக்கு எத்தனை புகார் என்று கேட்டாள். வழக்கமாக அரை மணி நேரம் ஓடும் பேச்சு அது. அன்றைக்கு நாத்தனார் "ஏதோ வந்துச்சு" என்று போனை வைத்துவிட்டாள். கண்ணாடிக்காரி அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஒன்பதாம் தேதி அவள் செய்தது கொஞ்சம் அநியாயம். தொழிலுக்கே துரோகம் என்று சொல்ல வேண்டும். நாத்தனார் கடைக்கு வந்தபோது, "அண்ணி, லென்ஸ்ல கீறல் விழுந்திருக்கு, ஃபிரேமும் ஆட்டம் காணுது. கழட்டிக் கொடுங்க, ஒரு வாரத்துல மாத்தித் தர்றேன்" என்றாள். கீறலும் இல்லை, ஆட்டமும் இல்லை. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் நாத்தனாருக்குச் செய்தித்தாளின் தலைப்புகூடத் தெரியாது. நம்பர் கொடுத்தவளுக்குத் தெரியாதா? நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் இவள் கண்ணாடியை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணி. நாத்தனார்: 81.

மறுநாள் 91. அதற்கு மறுநாள் 101. பழைய கண்ணாடியை வைத்து ஓட்டுகிறாள்போல, பிடிவாதக்காரி என்று கண்ணாடிக்காரி பல்லைக் கடித்தாள். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் படித்துக்கொண்டே, "அம்மா, உனக்கா பரீட்சை, எனக்கா?" என்று கேட்டாள். "வாயை மூடிக்கிட்டுப் படி" என்று எரிந்து விழுந்துவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

பதினேழாம் தேதி கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நாத்தனார் வீட்டுக்கே போனாள். பக்கம் 161 ஆகியிருந்தது. ஒற்றை அறை, ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் துணி தேய்க்கும் மேஜை. அந்த மேஜைமேல் மடித்த போர்வைக்குப் பக்கத்தில் நாவல் கிடந்தது. நாத்தனார் "காபி போடுறேன், உட்காரு" என்று உள்ளே போனாள். பால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரி எழுந்தாள். மூன்றே எட்டு. புத்தகத்தை எடுத்து, பக்க விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். தாள் செருகிய இடத்தில் பக்கங்கள் லேசாகப் பிரிந்திருந்தன. விரல் நகம் அங்கே போய் முட்டியது.

"என்னடீ தேடுற?"

புத்தகம் கையிலிருந்து நழுவி மேஜைமேல் விழுந்தது. நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் சர்க்கரை டப்பா.

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு வரி…"

நாத்தனார் மெல்ல வந்து புத்தகத்தை எடுத்து பீரோமேல் வைத்தாள். திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. இவள் முகத்தையே பார்த்தாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா உனக்கு?"

தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. "இல்லையே அண்ணி, என்ன சொல்லப் போறேன்?" என்றாள்.

"சரி." நாத்தனார் திரும்பி அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்திருந்தது. அதற்குக்கூட அவள் ஒரு சத்தம் போடவில்லை.

இருபத்திரண்டாம் தேதி வந்தே விட்டது. ஷட்டர் பாதி இறங்கியது. நாலு நாற்காலி, நடுவில் லென்ஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு பிஸ்கட் தட்டு. டீச்சர் மூச்சுவிடாதவரின் பக்கத்தை வாசித்து மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். கண்டக்டர் ஒரு பிணத்தைக் குளத்திலிருந்து எடுத்துக் கரையில் போட்டுவிட்டு, "யாருன்னு அடுத்த தடவை" என்றார். கண்ணாடிக்காரி எதை வாசித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் கண் நாத்தனாரின் மடியிலேயே இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது, குனிந்து ஓட வேண்டும். என்ன நினைப்பு பாருங்கள், நாற்பத்து மூன்று வயசுப் பெண்பிள்ளைக்கு!

நாத்தனார் எழுந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். "இருநூற்றுப் பதினொண்ணு" என்று ஆரம்பித்தாள்.

புகார் வாங்கிப் பழகிய குரல், கணீர் என்று இருக்கும். நாவலில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டுகிறது. பக்கம் கீழே வரவரக் கண்ணாடிக்காரியின் காது அடைத்தது. அந்தப் பக்கம் பாதி வாக்கியத்தில் முடியும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு தடவை படித்தவள் அல்லவா.

"வண்டி நின்றது. கதவருகே நின்றவள் இறங்கலாமா, இல்லை இப்படியே" என்று வாசித்த நாத்தனாரின் விரல் பக்க மூலையில் நின்றது. புரட்டவில்லை. புத்தகத்தை மூடாமல் அப்படியே நீட்டினாள். "எனக்குக் கண்ணு எரியுது. மீதியை நீ படி."

கண்ணாடிக்காரி வாங்கினாள், புரட்டினாள். தாள் அங்கேதான் இருந்தது, நாலாக மடித்தபடி. அதோடு சேர்த்து இன்னொரு தாள் குண்டூசியில் குத்தியிருந்தது. தண்ணீர் வாரியத்தின் விடுப்பு விண்ணப்ப நகல். இருபத்து மூன்றாம் தேதி ஒரு நாள் விடுப்பு. காரணம்: குடும்பத்தில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. விண்ணப்பித்த தேதி, மூன்று.

மூன்றாம் தேதியா! புத்தகம் கை மாறிய மூன்றாம் நாள்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார் கண்டக்டர்.

கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள். "போய்விடலாமா என்று" என்பது வரைக்கும் வந்தது, அதற்குமேல் எழுத்து கலங்கிவிட்டது. நாத்தனார் எழுந்து, "சரி சரி, இன்னிக்கு இவ்வளவுதான். பிஸ்கட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. எங்க வீட்டுப் பேச்சு கொஞ்சம் இருக்கு" என்று இருவரையும் ஷட்டருக்கு அடியில் குனியவைத்து வெளியே அனுப்பினாள். டீச்சர் எதையோ கேட்க வந்தவள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போனாள்.

"எப்பப் பார்த்தீங்க அண்ணி?"

"திங்கட்கிழமை மத்தியானம். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் மேஜைக்கு அடியில வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தேன். உன் தாள் வந்துச்சு. பஸ் டிக்கெட்டுன்னு நினைச்சுத்தான் பிரிச்சேன்." நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்னைக்கே மிச்சத்தையும் முடிச்சுட்டேன். அப்புறம் தேதியை எண்ணினேன். பக்கத்தை எண்ணினேன். ஒரு நாளைக்குப் பத்துன்னு வெச்சா சரியா இன்னைக்கு இங்க வந்து நிக்குது."

"அப்போ கண்ணாடியை நான் வாங்கி வெச்சப்போ…"

"படிச்சு முடிச்சவளுக்குக் கண்ணாடி எதுக்குடீ? ஒரு வாரம் நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் போனேன். அதுக்கு உன்னைத் தனியா கவனிக்கிறேன்."

கண்ணாடிக்காரி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "நேரா என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லைன்னு சொல்லுவ. அன்னைக்கு வீட்டுல கேட்டதுக்கும் அதைத்தானே சொன்ன? ஒரு தடவை இல்லைன்னுட்டா, அந்தப் பொய்யைக் காப்பாத்தவே போகாம இருந்துடுவ. நீயா சொல்லட்டும்னு பார்த்தேன். யாருகிட்டயும் மூச்சு விடல. தம்பிகிட்ட இல்ல, உன் மககிட்ட இல்ல, தையல்கடைக்காரிகிட்டகூட இல்ல. இருபது நாள் இந்த வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன், வயித்து வலியே வந்துடுச்சு எனக்கு." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் இறங்கியது. "எங்கம்மாவும் இப்படித்தான். பிள்ளைங்களுக்குக் கஷ்டம் வேணாம்னு ஒரு வருஷம் மறைச்சாங்க. நான் அவங்க ரவிக்கையைத் துவைக்கும்போது கறையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அந்தப் பதினாலு மாசம்கூடப் பெரிசில்ல. அந்த ஒரு வார்த்தைதான் இன்னமும் என்னை அறுக்குது."

கண்ணாடிக்காரிக்கு அது தெரியாது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வாய்க்குக் கதவில்லாதவள் என்று ஊரே சொல்லும் நாத்தனார், இதை மட்டும் உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறாள்.

"பயமா இருக்கு அண்ணி" என்றாள். இருபத்திரண்டு நாளில் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"எனக்கும்தான். காலையில ஒன்பதரைக்கு ரெடியா இரு. புத்தகத்தை எடுத்துக்க."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆணி கழன்ற நீளப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்தே காலுக்கு நர்ஸ் வந்து தாளைக் கேட்டாள். கண்ணாடிக்காரி நாவலைப் பிரித்து, குண்டூசியைக் கழற்றி, டாக்டரின் தாளை எடுத்துக் கொடுத்தாள். "அடையாளம் போச்சே" என்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் வந்த பேச்சு அது.

நாத்தனார் புத்தகத்தை வாங்கி, அதே இடத்தில் ஆள்காட்டி விரலை விட்டு மூடிக்கொண்டாள். "போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

உள்ளே நாற்பது நிமிஷம் ஆனது. ஊசி போட்ட இடம் மரத்திருந்தது. முடிவு தெரிய ஐந்து நாள் ஆகும் என்றார்கள். கட்டுப் போட்ட பக்கத்தைக் கையால் அணைத்தபடி கண்ணாடிக்காரி வெளியே வந்தபோது, பெஞ்சு ஓரத்தில் டீ விற்பவர் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் மடியில் புத்தகம், புத்தகத்துக்குள் விரல்.

"ஒரு டீயாவது வாங்கிக் குடிச்சிருக்கலாமே அண்ணி."

"ஒத்தைக் கையால பர்ஸை எப்படிடீ திறக்கிறது?" என்றாள் நாத்தனார். விரலை அப்போதும் எடுக்கவில்லை.